சலவையில் காலுறை தொலைதல்

சலவையில் காலுறை தொலைதல் என்பது, துவைப்பதற்காக இணையாகப் போடப்படும் காலுறைகளில் (சாக்ஸ்) ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்காமல் போவதைக் குறிக்கும். துணி துவைக்கப்படும் எல்லா நாடுகளிலும் இது நிகழ்கிறது. ஆனால் காரணங்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. குளிர் நாடுகளில் துணி உலர்த்தும் இயந்திரம் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் பெரும்பாலான வீடுகளில் அத்தகைய இயந்திரம் இல்லை. இங்கு துணிகள் மொட்டை மாடிக் கொடியிலும் பால்கனிக் கம்பியிலும் உலர்கின்றன. எனவே தொலையும் வழிகளும் தடுக்கும் முறைகளும் இவ்வூர் வாழ்க்கையை ஒட்டியே அமைகின்றன.

காலுறை ஒரு சிறிய பொருள்தான். இருந்தாலும் அது தொலைவதால் வரும் தொல்லைகள் சிறியவை அல்ல. சீருடைக் காலுறை இல்லாத மாணவர் காலையில் பள்ளி வாசலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இயந்திரத்துக்குள் சிக்கிய காலுறை நீர் வெளியேறும் வழியை அடைத்துப் பழுதை உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காணாமல் போன துணிக்கான பழி பல வீடுகளில் சலவைத் தொழிலாளர் மீதோ வீட்டு வேலை செய்பவர் மீதோ விழுகிறது. காலுறை எப்படித் தொலைகிறது என்பதை அறிந்தால் இந்தப் பழி பெரும்பாலும் தவறானது என்பது புலப்படும்.

தென்சென்னைப் புறநகரில் காலுறைப் பயன்பாடு

வெப்பமான ஊரில் காலுறை அணிவோர் குறைவு என்று தோன்றலாம். ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் நாள்தோறும் ஷூ அணிய வேண்டியவர்கள் ஏராளம். பள்ளி மாணவர்கள், 1984இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் ஊழியர்கள், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணிபுரிவோர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர்ப் பக்கம் செல்லும் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள், பாதுகாவலர்கள், மருத்துவமனை ஊழியர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி உட்பட, விடுதிகள் உள்ள பல கல்வி நிறுவனங்களும் இப்பகுதியில் உள்ளன.

பல பள்ளிகளில் வழக்கமான நாள்களுக்கு ஒரு நிறமும், விளையாட்டு வகுப்பு நாளுக்கு வெள்ளை நிறமும் என இரு வகைக் காலுறைகள் தேவைப்படுகின்றன. வியர்வை மிகுந்த ஊர் என்பதால் ஒரு முறை அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணிய முடியாது. நால்வர் கொண்ட வீட்டில் அனைவரும் வாரத்தில் ஐந்து நாள் ஷூ அணிந்தால், வாரத்துக்கு 40 காலுறைகள் சலவைக்கு வரும். ஆண்டுக்கு அது 2,080 ஆகிறது. இருநூறில் ஒன்று மட்டுமே தவறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குப் பத்துக் காலுறைகள் தொலைந்துவிடும். அந்த வீட்டார் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. துவைக்கும் எண்ணிக்கை மிக அதிகம் என்பதே பொருள்.

தொலையும் வழிகள்

ஒரு காலுறை காலிலிருந்து கழற்றப்பட்டு மீண்டும் அலமாரிக்குச் செல்லும் வரை குறைந்தது ஐந்து இடங்களைக் கடக்கிறது: கழற்றும் இடம், அழுக்குக் கூடை, துவைக்கும் இடம், உலர்த்தும் இடம், மடிக்கும் இடம். ஒவ்வோர் இடத்திலும் அது தவற வாய்ப்பு உண்டு.

1. கழற்றும் இடம்

பல காலுறைகள் சலவைக்கே வந்து சேர்வதில்லை. ஷூவுக்குள் திணித்து வைக்கப்பட்டவை, பள்ளி வாகனத்தில் கழற்றியவை, விளையாட்டுப் பையில் மறந்தவை, கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளப்பட்டவை இவ்வகையின. இணையில் ஒன்று மட்டும் கூடைக்கு வரும்போது, மற்றது சலவையில் தொலைந்ததாகவே கருதப்படுகிறது. வீட்டில் நாய்க்குட்டி இருந்தால், வியர்வை மணம் உள்ள காலுறையை அது இழுத்துச் செல்வதும் வழக்கம். நாய் காலுறையை விழுங்கினால் குடல் அடைப்பு ஏற்படக்கூடும் என்பதால் இதைக் கவனிப்பது இன்றியமையாதது.

2. முன்புறம் திறக்கும் இயந்திரம்

இவ்வகை வாஷிங் மெஷினின் கதவைச் சுற்றி மடிப்புள்ள ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். நீர் கசியாமல் காப்பது அதன் பணி. டிரம் சுழலும்போது சிறிய துணிகள் முன்பக்கம் நகர்ந்து, இந்த வளையத்தின் மடிப்புக்குள் புகுந்துகொள்கின்றன. கதவைத் திறந்து துணியை எடுப்பவர் டிரம்முக்குள் மட்டுமே பார்ப்பதால் அவை கண்ணில் படுவதில்லை.

அளவுக்கு மீறித் துணி திணிக்கப்பட்டால் இன்னொரு வழியும் உண்டு. துணி சுழலும் டிரம், நீரைத் தாங்கும் வெளித்தொட்டி ஒன்றுக்குள் அமைந்துள்ளது. டிரம்மின் விளிம்புக்கும் ரப்பர் வளையத்துக்கும் இடையே குறுகலான இடைவெளி இருக்கும். குழந்தைகளின் மெல்லிய காலுறை இந்த இடைவெளி வழியாக வெளித்தொட்டிக்குள் நழுவக்கூடும். அங்கிருந்து நீர் வெளியேறும் குழாய்க்கோ, வடிகால் பம்புக்கு முன் உள்ள வடிகட்டிக்கோ அது செல்லும். நீர் வடியாமல் இயந்திரம் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணி சுழற்றிப் பிழியப்படும்போது காலுறை டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இருண்ட நிறக் காலுறை டிரம்மின் மேற்பகுதியில் ஒட்டியிருந்தால், குனிந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அடுத்த முறை துவைக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

3. மேற்புறம் திறக்கும் இயந்திரமும் அரைத் தானியங்கி இயந்திரமும்

மேற்புறம் திறக்கும் இயந்திரத்தில் தண்ணீரும் துணியும் விளிம்பு வரை நிரப்பப்பட்டால், சிறு துணி டிரம்மின் விளிம்பைத் தாண்டி வெளித்தொட்டிக்குள் விழலாம்.

இரண்டு தொட்டிகள் கொண்ட அரைத் தானியங்கி இயந்திரத்தில் துவைத்த துணியைக் கையால் எடுத்துப் பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். சோப்பு நுரை கலந்த கலங்கிய நீரின் அடியில் ஒரு காலுறை தங்கிவிடுவது எளிது. பிழியும் தொட்டியில் துணிகளின் மேல் அழுத்தி வைக்க வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்று தரப்படுகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. மூடி இல்லாமல் சுழலும்போது மேலே உள்ள சிறு துணி எழும்பி, சுழலும் கூடைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே விழுகிறது. பிழியும் தொட்டி சத்தத்துடன் திணறுவதற்கோ சுழலாமல் நிற்பதற்கோ இப்படி விழுந்த காலுறை காரணமாக இருக்கலாம்.

4. பிற துணிகளுக்குள் ஒளிதல்

தலையணை உறை, போர்வை, முழுக்கைச் சட்டை, பேன்ட் ஆகியவற்றோடு சேர்த்துத் துவைக்கும்போது காலுறை அவற்றின் உள்ளே புகுந்துவிடும். அந்தத் துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குச் சென்றால் காலுறையும் உடன் செல்லும். மாதங்கள் கழித்துப் படுக்கை விரிப்பை மாற்றும்போது அது வெளிப்படும்.

5. உலர்த்தும் இடம்

தென்சென்னைப் புறநகரில் இது முக்கியமான கட்டம். கோடையில் பிற்பகலில் கடற்காற்று வீசுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்கிலிருந்து பலமான காற்று வருகிறது. கிளிப் போடாமல் கொடியின் மேல் மடித்துப் போடப்பட்ட காலுறை, உலர்ந்து எடை குறைந்ததும் பறந்துவிடும். அது ஈரமாக இருந்தபோது பறக்காததால், போட்டவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பறந்த காலுறை கீழ்வீட்டுச் சன்ஷேடிலோ, குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி மேலோ, பக்கத்து மனையிலோ விழுகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை இன்னொரு காரணம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இக்காலத்தில்தான் பெய்கிறது. மழைக்காலத்தில் துணிகள் வீட்டுக்குள் நாற்காலி, சன்னல் கம்பி, கதவு, மின்விசிறிக்குக் கீழே கட்டிய கயிறு எனப் பல இடங்களில் சிதறிக் காய்கின்றன. இணையின் ஒரு காலுறை ஓர் அறையிலும் மற்றது வேறோர் அறையிலும் காயும்போது, அவை வெவ்வேறு நாள்களில் எடுக்கப்படுகின்றன. திடீர் மழைக்கு மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளி வரும்போதும் முதலில் தவறி விழுவது காலுறையே. பொதுக் கொடி உள்ள குடியிருப்புகளில் அண்டை வீட்டுத் துணியோடு கலந்துவிடுவதும் உண்டு. ஒரே பள்ளிச் சீருடை என்றால் இரு வீட்டாருக்கும் வேறுபாடு தெரியாது.

ஒற்றைக் காலுறைகள் பெருகுவதற்கான கணிதம்

காலுறைகள் தொலையும்போது முழு இணைகளாகத் தொலையாமல் ஒற்றைகளாகவே மிஞ்சுவது ஏன் என்ற கேள்விக்கு நிகழ்தகவுக் கணக்கு விடை தருகிறது. பிரித்தானியாவைச் சேர்ந்த ராபர்ட் மேத்யூஸ் 1996இல் இதைப் பற்றிக் கணிதக் கட்டுரை ஒன்றை எழுதினார். வெண்ணெய் தடவிய ரொட்டி ஏன் வெண்ணெய்ப் பக்கமே தரையில் விழுகிறது என்ற ஆய்வுக்காக அதே ஆண்டில் இக் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

ஒருவரிடம் ஒன்றுக்கொன்று வேறுபட்ட 10 இணைகள், அதாவது 20 காலுறைகள் இருப்பதாகக் கொள்வோம். முதலில் தொலையும் காலுறை எதுவானாலும் ஓர் ஒற்றை உருவாகும். மீதமுள்ள 19 காலுறைகளில் அந்த ஒற்றையின் துணை ஒன்றே ஒன்று. எனவே இரண்டாவதாகத் தொலைவது அதே இணையைச் சேர்ந்ததாக இருக்க 19இல் 1 வாய்ப்பு மட்டுமே உண்டு. 19இல் 18 வாய்ப்பு, இன்னொரு இணை உடைவதற்கே உள்ளது.

இவ்வாறு ஆறு காலுறைகள் தற்செயலாகத் தொலைந்தால் விளைவுகள் பின்வருமாறு அமையும்:

- 20இலிருந்து ஆறு காலுறைகள் தொலையக்கூடிய மொத்த வழிகள்: 38,760
- ஆறும் ஆறு வெவ்வேறு இணைகளிலிருந்து தொலைந்து, 4 முழு இணைகளே மிஞ்சும் வழிகள்: 13,440
- 5 முழு இணைகள் மிஞ்சும் வழிகள்: 20,160
- 6 முழு இணைகள் மிஞ்சும் வழிகள்: 5,040
- மூன்று முழு இணைகளாகவே தொலைந்து, ஒற்றை எதுவும் இல்லாமல் 7 இணைகள் மிஞ்சும் வழிகள்: 120

மிக மோசமான விளைவுக்கான வாய்ப்பு, மிக நல்ல விளைவுக்கான வாய்ப்பைப் போல் 112 மடங்கு. ஆகவே யாரோ வேண்டுமென்றே இணையைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுப்பது போன்ற தோற்றம், தற்செயல் இழப்பின் இயல்பான விளைவே. ஒற்றைக் காலுறையால் திருடுபவருக்கும் பயன் இல்லை.

மனித மனமும் இந்தத் தோற்றத்தை வலுப்படுத்துகிறது. இணையில் இரண்டும் தொலைந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒன்று மட்டும் தொலைந்தால், எஞ்சியது கண் முன்னே நின்று நினைவூட்டுகிறது. மேலும், ஒரு காலுறை பெருவிரல் பக்கம் கிழிந்து குப்பைக்குச் சென்றிருக்கும். சில வாரங்களில் அது மறந்துபோய், மற்றதன் துணை தொலைந்ததாகக் கணக்கில் சேரும்.

2016இல் சாம்சங் நிறுவனம் பிரித்தானியாவில் 2,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 15 காலுறைகளைத் தொலைப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. துவைக்கும் துணியின் அளவு, சலவையின் சிக்கல், வேலையில் உள்ள ஈடுபாடு, கவனம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சூத்திரமும் வெளியிடப்பட்டது. இது புதிய வாஷிங் மெஷின் ஒன்றின் விற்பனையை ஒட்டி நடத்தப்பட்டது என்பதால் அறிவியல் ஆய்வாகக் கொள்ள இயலாது. எனினும் துணியின் எண்ணிக்கை கூடும்போது இழப்பும் கூடும், கவனம் கூடும்போது இழப்பு குறையும் என்ற அதன் அடிப்படை அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

சலவைக் குறி: பழைய தீர்வு

பல வீட்டுத் துணிகளை ஒன்றாகத் துவைத்து, மாறாமல் திருப்பித் தருவது சலவைத் தொழிலாளர்களின் நெடுங்காலத் திறன். சென்னையின் வரலாற்றில் இத்தொழிலுக்குப் பெரிய இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த பருத்தித் துணிகளை வெளுத்துத் தந்தவர்கள் குடியிருந்த பகுதியே வண்ணாரப்பேட்டை. தெற்கே அடையாற்றை அடுத்த வண்ணாந்துறையும் இத்தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துணிகளை அடையாளம் காண இவர்கள் கையாண்டது சலவைக் குறி. ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி, கோடு, குறுக்குக் கோடு, எழுத்து ஆகியவை சேர்ந்த தனிக் குறி உண்டு. இது சட்டைக் கழுத்துப்பட்டியின் உள்பக்கத்திலோ வேட்டியின் ஓரத்திலோ இடப்பட்டது. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சேராங்கொட்டையின் சாறு இதற்கு மையாகப் பயன்பட்டது. சுண்ணாம்புடன் சேரும்போது இது எத்தனை முறை துவைத்தாலும் அழியாத கருநிறம் தரும். அடையாளம் தெரியாத உடல்களை இன்னார் எனக் கண்டறியக் காவல்துறை சலவைக் குறிகளைப் பயன்படுத்தியதும் உண்டு.

சேராங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் உண்டாகும். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்குச் சலவைக் குறி பட்ட இடங்களில் தோல் அழற்சி ஏற்பட்டதை 1943இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். எனவே இன்று வீட்டில் இதைப் பயன்படுத்துவது தகாது. சலவைக்கு உகந்த மார்க்கர் பேனாவும் வண்ண நூலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

காலுறைக்குக் குறியிடுவது எப்போதும் கடினம். அது இழுபடும், உருவில் சிறியது, பெரும்பாலும் இருண்ட நிறம் கொண்டது. அதனால் இணையை நூலால் கட்டித் துவைப்பதே எளிய வழி.

தடுப்பு முறைகள்

ஒரே மாதிரி வாங்குதல்

மிக எளிய தீர்வு இதுவே. 20 காலுறைகளும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பின்னல் என்றால் ஆறு தொலைந்தாலும் மிஞ்சிய 14 காலுறைகள் எப்போதும் 7 இணைகள் ஆகும். மேலே கூறிய கணக்கில் 38,760 வழிகளில் 120இல் மட்டும் கிடைக்கும் நல்ல விளைவு, இங்கு எல்லா வழிகளிலும் கிடைக்கிறது. சீருடைக் காலுறைகளை ஆண்டின் தொடக்கத்தில் ஒரே கடையில் மொத்தமாக வாங்குவது நல்லது. உடன்பிறந்தோரின் அளவு வேறாக இருந்தால், விரல் நுனிப் பக்கம் ஆளுக்கொரு வண்ண நூலால் இரண்டு தையல் போட்டால் போதும்.

இணையாகவே வைத்தல்

- கழற்றியவுடன் இரண்டையும் சேர்த்துக் கூடையில் போட வேண்டும். ஒருமுறை மடித்துக் கோர்த்துப் போட்டால் பிரியாது. ஆனால் இறுக்கமாகச் சுருட்டினால் உள்ளே அழுக்கு போகாது.
- சலவைக்கான வலைப்பையில் காலுறைகளை மட்டும் போட்டு, வாயை மூடி இயந்திரத்தில் இடலாம். ரப்பர் வளையத்திலும் வெளித்தொட்டியிலும் சிக்குவதை இது முற்றிலும் தடுக்கும். பையின் பாதியளவே நிரப்ப வேண்டும்.
- ஊக்கு குத்துவதாக இருந்தால் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். கழன்ற ஊக்கு டிரம்மையும் பம்பையும் பழுதாக்கும் என்பதால் வலைப்பையே சிறந்தது.

இயந்திரத்தைக் கவனித்தல்

- டிரம்மின் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் துணி நிரப்பக் கூடாது.
- துணியை எடுத்தபின் ரப்பர் வளையத்தின் மடிப்புகளில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரம்மைக் கையால் ஒரு முறை சுழற்றினால் மேலே ஒட்டியிருப்பது கீழே விழும்.
- அரைத் தானியங்கி இயந்திரத்தில் பிழியும்போது அழுத்து மூடியைத் தவறாமல் வைக்க வேண்டும். துவைக்கும் தொட்டியின் நீரை முழுவதும் வடித்த பிறகே துணி எடுத்தது முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.
- முன்புறம் திறக்கும் இயந்திரத்தின் கீழ்மூலையில் உள்ள வடிகட்டியை மாதம் ஒரு முறை சுத்தம் செய்வது நல்லது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் நீர் ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும். தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் திருக வேண்டும்.
- காலுறை வெளித்தொட்டிக்குள் விழுந்ததாகத் தோன்றினால் கம்பி விட்டுக் குத்தாமல், பழுது நீக்குபவரை அழைப்பதே பாதுகாப்பு.

உலர்த்துதல்

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே கிளிப்பில் தொங்கவிட்டால் இணை பிரியாது. எலாஸ்டிக் பக்கம் தளராமலிருக்க, விரல் பக்கத்தில் கிளிப் போடுவது நல்லது. மழைக்காலத்தில் பல கிளிப்புகள் தொங்கும் வட்ட வடிவத் தொங்கியில் காலுறைகளை மட்டும் மாட்டிவிட்டால், மழை வந்ததும் ஒரே கையில் எடுத்து உள்ளே கொண்டுவரலாம்.

வெளியே சலவைக்குத் தரும்போது

துணிகளை எண்ணி, தருபவர், பெறுபவர் இருவரும் காணும்படி எழுதிக்கொள்ள வேண்டும். காலுறையை ஒவ்வொன்றாக எண்ணாமல் இணையாகக் கட்டி, இணைகளின் எண்ணிக்கையை எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும். இது தொழிலாளர் மீதான நம்பிக்கையின்மை ஆகாது. பின்னர் குறை ஏற்பட்டால், துணி தரப்படவே இல்லை என்பதை நிறுவவும் இந்தச் சீட்டே அவருக்குத் துணையாகும். இயந்திரம், கட்டில் அடி, ஷூ, பள்ளிப்பை, தலையணை உறை ஆகிய ஐந்தையும் தேடிப் பார்க்கும் முன் யார் மீதும் பழி சொல்வதும், கூலியில் பிடித்தம் செய்வதும் முறையன்று.

எஞ்சிய ஒற்றைகள்

ஒற்றைக் காலுறையை உடனே எறிந்துவிட்டால், அடுத்த வாரம் தலையணை உறையிலிருந்து அதன் துணை வெளிவரும்போது அதுவும் ஒற்றையாகிவிடும். எனவே அலமாரியில் ஒற்றைகளுக்கென்று ஒரு சிறு பெட்டி வைத்து, மூன்று மாதம் வரை காத்திருக்கலாம். பள்ளிப் பருவத் தேர்வு விடுமுறைகளில் இந்தப் பெட்டியைக் கொட்டி இணை சேர்க்கும் வேலையைச் சிறுவர்களிடம் தரலாம்.

அதன் பின்னும் துணை கிடைக்காதவை மின்விசிறி இறக்கை, சன்னல் கம்பி ஆகியவற்றைத் துடைக்கவும், ஷூவுக்குப் பாலிஷ் தேய்க்கவும், பயணத்தில் கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றி வைக்கவும் பயன்படும். கையை உள்ளே நுழைத்துத் துடைக்க முடிவதால், இவ்வேலைகளுக்குக் காலுறை சாதாரணத் துணியைவிட வசதியானது.